உயிரணு தன் உணவை அறியும் வகை

முதல் நாள் மாலையில் அரைத்து வைத்த இட்டலி மாவு மறுநாள் காலையில் பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கி நிற்பதைக் காணாத தமிழ் இல்லம் இல்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர், மும்பையின் கோடைப் புழுக்கத்தில் மாவு இன்னும் விரைந்து புளித்துவிடும் என்பதையும் நன்கறிவர். அந்த மாவில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் இரவோடு இரவாகப் பெருகுகின்றன. அவை உலர்ந்த உளுந்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஏன் பெருகவில்லை? நீரும் சர்க்கரையும் புரதச் சிதைவுகளும் கிடைத்தவுடன் 'இனி வளரலாம்' என்ற முடிவுக்கு அவை எவ்வாறு வந்தன? கண்ணும் நாவும் மூளையும் இல்லாத ஓர் உயிரணு, தன்னைச் சுற்றி உணவு உண்டா இல்லையா என்பதை எங்ஙனம் அறிகிறது?

இவ்வினா இட்டலி மாவோடு நின்றுவிடுவதன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் கணந்தோறும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டேயிருக்கிறது. கணக்குத் தவறினால் இரத்தசோகை, நீரிழிவு, புற்றுநோய், கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தை முதலிய கேடுகள் விளைகின்றன. இதற்கு விடை காணும் முயற்சியில் சென்ற நூறாண்டுகளாகப் பல நாட்டு விஞ்ஞானிகள் ஈடுபட்டு வந்திருக்கின்றனர். அவ்விடையின் சில பகுதிகள் பம்பாய் நகரிலும், சென்னையில் கல்வி பயின்ற ஒருவரின் கைகளிலும் உருவாயின என்பது நம் வாசகர்களுக்கு உவப்பளிக்கும்.

'அறிதல்' என்ற சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். ஆங்கில நூல்கள் இவ்விடத்தில் ஆளும் சொல்லை 'உணர்தல்' என்று பெயர்ப்பதே வழக்கம். எனக்கு அதில் சற்றுத் தயக்கம் உண்டு. உணர்வதற்கு மனம் ஒன்று வேண்டுமன்றோ? உயிரணுவில் நிகழ்வது பூட்டு தன் சாவியை அறிவது போன்ற அறிதலே. சாவி பொருந்துகிறது, பூட்டின் உறுப்பு ஒன்று நகர்கிறது, கதவு திறக்கிறது. இப்பொருளிலேயே இக்கட்டுரை முழுவதிலும் அச்சொல் ஆளப்படுகிறது.

பரேலில் ஒரு மருத்துவ அம்மையார்

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் அவருடைய பணியிடமாயிற்று. அக்காலத்தில் பரேலைச் சுற்றிலும் பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் நிறைந்திருந்தன. ஆலைத் தொழிலில் ஈடுபட்ட ஏழைப் பெண்களில் கருவுற்றோர் பலர் ஒருவகைக் கொடிய இரத்தசோகைக்கு ஆளாயினர், உயிரிழந்தோரும் உண்டு. அவர்களுடைய இரத்தத்தை நுண்பெருக்கியில் நோக்கியபொழுது வியப்பான ஒன்று புலப்பட்டது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் இயல்பான அளவினும் பெரிதாக இருந்தது. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப் போகும். இங்கோ நிலைமை நேர்மாறாக இருந்தது.

கிருமியால் வந்த நோயோ என்று முதலில் ஆராய்ந்தார். அதற்குச் சான்று கிட்டவில்லை. பிறகு நோயுற்ற பெண்கள் என்ன உண்கின்றனர் என்று விசாரிக்கத் தொடங்கினார். புரதமும் காய்கனிகளும் மிகக் குறைந்த உணவே அவர்களுக்குக் கிடைத்து வந்தது. அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளின் மேலிருந்த பேன்கள் பரப்பிய வேறொரு நோய் அச்சோதனையைக் குழப்பிவிட்டது. பின்னர்க் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தார். இடையில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியில் அந்நாளில் கோஷா மருத்துவமனை எனப்பட்ட மகளிர் மருத்துவமனையிலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. விலங்குகளின் ஈரல் இந்நோயைத் தணித்தது. ஆனால் ஈரல் ஏழைகளுக்கு எட்டாத பொருள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரிலிருந்து வடித்த 'மார்மைட்' என்ற மலிவான பசையைக் கொடுத்துப் பார்த்தபொழுதுதான் விடை கிடைத்தது. சில நாட்களிலேயே இளஞ் சிவப்பணுக்கள் இரத்தத்தில் பெருகின. படுக்கையில் கிடந்தோர் எழுந்து அமர்ந்தனர். 1931ஆம் ஆண்டில் இம்முடிவை அவர் வெளியிட்டார்.

ஈஸ்டில் இருந்த அப்பொருள் யாது என்பது அப்பொழுது தெரியவில்லை. 'வில்ஸ் காரணி' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. 1941ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் ஸ்பினாச் கீரையைப் பக்குவப்படுத்தி அதினின்று ஒரு துளியளவே பிரித்தெடுத்த வளர்ச்சிப் பொருளும் இதுவும் ஒன்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் ஏற்பட்டது.

சிவப்பணு ஏன் பெருத்துப் போகிறது என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். எலும்பு மச்சையில் வினாடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமாயின் தன் மரபுப் பொருளான டி. என். ஏ.யை முதலில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியெடுப்புக்குத் தேவையான தைமின் என்னும் எழுத்தை ஆக்குவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அஃது இல்லாதபொழுது படியெடுப்பு நடுவில் நின்று போகிறது. ஆனால் புரதம் ஆக்கும் வேலையோ நிற்பதில்லை. அணு பருத்துக்கொண்டே போகிறது, பிரியவோ இயலவில்லை. பெருத்த அணுக்களில் பல மச்சையிலேயே மடிகின்றன. தப்பியவை சிலவே இரத்தத்தை அடைகின்றன. வளர்தலும் பிரிதலும் வேறு வேறு வேலைகள் என்பதையும், ஒவ்வொன்றும் வெவ்வேறு சத்தை எதிர்நோக்கி நிற்கிறது என்பதையும் பரேலின் நோயாளிகள் தம் இரத்தத்தால் எழுதிக் காட்டினர்.

பாஸ்பரஸைத் தேடியவர்

ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கிய வெற்றி 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் கிட்டியது. அவ்வாராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோயால் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். அந்நோய்க்குப் பிற்காலத்தில் மருந்தாக அமைந்தவற்றுள் ஃபோலிக் அமிலமும் ஒன்று.

உயிரணுவின் அறிதலைப் பொறுத்தவரை சுப்பாராவின் வேறொரு பணி இதனினும் அடிப்படையானது. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸை நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையை 1925இல் வகுத்தார். அவ்வளவையின் துணைகொண்டு 1929இல் தசையிலிருந்து ஒரு பொருளை இருவரும் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனித்து அதனைக் கண்டார். அடினோசின் என்னும் மூலக்கூறில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் கோத்த பொருள் அது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தைத் தமிழில் எழுதப் புகுந்தால் மூன்று பாஸ்பேட் உள்ளதும் இரண்டு உள்ளதும் 'ஏ. டி. பி.' என ஒன்றாகவே தோன்றி வாசகரைக் குழப்பும். ஆதலின் முப்பாஸ்பேட், இருபாஸ்பேட், ஒருபாஸ்பேட் என்றே இங்குக் குறிப்போம்.

முப்பாஸ்பேட்டே உயிரணுவின் கைச்செலவுப் பணம். தசை சுருங்குதல், புரதம் ஆக்குதல், உப்பை வெளியேற்றுதல் ஆகிய எல்லா வேலைக்கும் ஒரு பாஸ்பேட்டை உதிர்த்துக் கூலி கொடுக்க வேண்டும்; எஞ்சுவது இருபாஸ்பேட். பணமுடை வரும்பொழுது உயிரணு இரண்டு இருபாஸ்பேட்டுகளைச் சேர்த்து ஒரு முப்பாஸ்பேட்டும் ஒரு ஒருபாஸ்பேட்டும் ஆக்கிக்கொள்கிறது. இதன் விளைவாக, முப்பாஸ்பேட் சிறிதே குறைந்தாலும் ஒருபாஸ்பேட்டின் அளவு பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. மாதக் கடைசியில் வீட்டில் எஞ்சியுள்ள நோட்டுகளை எண்ணுவதைவிட, அடகுச் சீட்டுகள் எத்தனை சேர்ந்துள்ளன என்று பார்த்தால் முடை விரைவில் விளங்குவதைப் போன்றது இது.

இந்த ஒருபாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் உள்ளது. அது விழித்துக்கொண்டதும் பிற புரதங்களின் மேல் பாஸ்பேட் முத்திரையைப் பதிக்கத் தொடங்குகிறது. கொழுப்பைச் சேமிக்கும் வேலை நிறுத்தப்படுகிறது. புதுப் புரதம் ஆக்கும் வேலை தணிக்கப்படுகிறது. வெளியிலிருந்து குளூக்கோஸை உள்ளே இழுக்கும் வாயில்கள் தசையில் திறக்கப்படுகின்றன. உடலுழைப்பு நீரிழிவுக்கு நன்மை செய்வதற்கு இது ஒரு காரணம். நீரிழிவுக்கு இன்று பரவலாக வழங்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை, உயிரணுவின் எரிபொருள் உலையைச் சற்றே மந்தப்படுத்துவதன் மூலம் இப்புரதத்தையும் எழுப்புகிறது.

பாஸ்பேட் முத்திரை எந்தப் புரதத்தின் மேல் விழுந்தது என்பதைக் கண்ணால் காண இயலாது. கதிரியக்கமுள்ள பாஸ்பரஸை உயிரணுவுக்கு ஊட்டி, அஃது எங்கே போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்து பார்ப்பதே இத்துறையின் பழைய உபாயம். அத்தகைய கதிரியக்கப் பொருள்களை நம் நாட்டிலேயே ஆக்கும் வழியைத் திறந்தது, செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1956ஆம் ஆண்டு ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய 'அப்சரா' அணு உலையாகும்.

ஈஸ்டர் தீவின் மண்

கையில் பணம் இருந்தால் மட்டும் வீடு கட்ட முடியாது; செங்கல்லும் வேண்டும். புரதத்தின் செங்கற்கள் அமினோ அமிலங்கள். அவை போதுமான அளவில் உள்ளனவா என்பதை உயிரணு அறியும் வகை, தற்செயலான ஒரு நிகழ்ச்சியால் வெளிப்பட்டது.

1964ஆம் ஆண்டின் இறுதியில் கனடா நாட்டுக் குழு ஒன்று பசிபிக் பெருங்கடலிலுள்ள ஈஸ்டர் தீவுக்குச் சென்று, அங்கிருந்து மண் மாதிரிகளைக் கொண்டு வந்தது. மாண்ட்ரியலில் ஓர் மருந்து நிறுவனத்தில் பணிபுரிந்த சுரேந்திரநாத் சேகல் அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து புதிய பொருளைப் பிரித்தார். சேகல் 1932இல், இன்று பாகிஸ்தானில் உள்ள குஷாப் என்ற ஊரில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் பயின்றவர். தீவின் பழங்குடிப் பெயரான ராபா நூயியைத் தழுவி அப்பொருளுக்கு ராபமைசின் எனப் பெயரிட்டார். பூஞ்சைக் காளான்களைக் கொல்லும் மருந்தாக அதனை உருவாக்குவதே முதல் நோக்கம். ஆனால் அது உடலின் நோய் எதிர்ப்பாற்றலையும் அடக்கியது. கட்டிகளின் வளர்ச்சியையும் தடுத்தது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனம் மாண்ட்ரியல் ஆய்வுக்கூடத்தை மூடியபொழுது, சேகல் அந்த நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் என்பர். பின்னர் ஆய்வு மீண்டும் தொடங்கியது. 1999இல், மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருப்பதற்கான மருந்தாக அமெரிக்க அரசு அதனை ஏற்றது.

இப்பொருள் உயிரணுவில் எதைத் தாக்குகிறது? சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் மைக்கேல் ஹால், ஜோசப் ஹைட்மன், ராவ் மோவ்வா ஆகியோர் ஈஸ்ட் அணுக்களைக் கொண்டு 1991இல் இதற்கு விடை கண்டனர். ராபமைசின் இலக்காகக் கொள்ளும் புரதத்துக்கு, ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'டார்' என்று பெயரிட்டனர். சில ஆண்டுகளில் அதுவே மனிதரிடமும் இருப்பது தெரிந்தது. இட்டலி மாவிலும் ரொட்டி மாவிலும் வாழும் ஈஸ்ட் முதல் மனிதன் வரை வளர்ச்சியின் கடிவாளம் ஒரே புரதத்தின் கையில் உள்ளது.

டார் புரதம் இயங்கும் முறையை வங்கிப் பெட்டகத்தோடு ஒப்பிடலாம். பெட்டகத்தைத் திறக்க வாடிக்கையாளரின் சாவி ஒன்றும் வங்கியின் சாவி ஒன்றும் வேண்டும். உயிரணுவினுள் லைசோசோம் என்னும் சிறு பைகள் உண்டு. பழைய பொருள்களைச் செரித்து அமினோ அமிலமாக்கும் இடங்கள் அவை. அமினோ அமிலங்கள் போதுமானவை எனில் டார் புரதம் அப்பையின் புறப்பரப்பில் வந்து அமர்கிறது, இது முதற்சாவி. லூசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று, ஆர்ஜினைனைப் பற்றுவது மற்றொன்று என இச்சாவிக்குரிய காவலர்கள் 2015ஆம் ஆண்டை ஒட்டி இனங்காணப்பட்டனர். இரண்டாம் சாவி இன்சுலின் போன்ற சுரப்புகள் அனுப்பும் செய்தி; உடல் முழுமைக்கும் உணவு கிடைத்துள்ளது என்பதை அது தெரிவிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் டார் விழித்தெழுகிறது. புரத உற்பத்தி விரைகிறது. எது குறைந்தாலும் அது அடங்குகிறது. அப்பொழுது உயிரணு தன் பழைய உறுப்புக்களையே சிறிது சிறிதாகச் செரித்து உயிர் வாழ்கிறது. இத்தற்சீரணத்தை ஆராய்ந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சாவியின்றியே திறந்து கிடக்கும் பெட்டகமும் உண்டு. பல புற்றுநோய்க் கட்டிகளில் டார் ஓயாமல் விழித்திருக்கிறது. ராபமைசினை ஒத்த மருந்துகள் சிலவகைச் சிறுநீரகப் புற்றுக்கு வழங்கப்படுவது இதனால்தான். கட்டிகளின் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் வழி இதற்கும் முந்தியது. சுப்பாராவின் குழுவினர் ஆக்கிய போலிப்பொருளைக் கொண்டு சிட்னி ஃபார்பர் 1948இல் இரத்தப்புற்றுற்ற குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அதன் வழிவந்த மெதோட்ரெக்சேட் இன்றும் வழக்கில் உள்ளது. பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையினர் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு இம்மருந்தையும் மற்றொரு மாத்திரையையும் வாய்வழியாகச் சிறிய அளவில் தொடர்ந்து கொடுப்பது, செலவு மிக்க ஊசி மருந்துக்குத் தாழ்ந்ததன்று என நிறுவினர். வில்ஸ் அம்மையார் பணியாற்றிய நிலையம் அதே பரேலில்தான் உள்ளது.

கருவறையின் கணக்கு

தாயின் இரத்தத்துக்கும் கருவுக்கும் இடையே நின்று சத்தை அளந்து அனுப்புவது நச்சுக்கொடி. அதன் அணுக்களிலும் டார் புரதம் உண்டு. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் நச்சுக்கொடியில் டாரின் செயல் தாழ்ந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் டார் அடங்குகிறது என்பது 2017இல், மனித நச்சுக்கொடியின் அணுக்களிலும் கருவுற்ற எலிகளிலும் காட்டப்பட்டது. தாயிடம் சத்து குறைவென்று அறிந்தால், அமினோ அமிலங்களைக் கருவுக்குக் கடத்தும் வாயில்களை நச்சுக்கொடி குறைத்துவிடுகிறது. குழந்தை சிறுத்துப் பிறக்கிறது.

இதனைத் தடுக்க இயலுமா என்ற நோக்குடன் மும்பைக் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 2012 வரை ஒரு பெரிய சோதனை நடைபெற்றது. மணமான பெண்கள் 6,513 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் கீரை, பழம், பால் ஆகியவற்றால் ஆன சிற்றுண்டியும், மற்றவர்க்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் ஆன சிற்றுண்டியும், கருவுறுவதற்கு முன்பிருந்தே நாள்தோறும் அளிக்கப்பட்டன. 2014இல் வெளியான முடிவுகள் எளிதாகப் பொருள் கொள்ளத் தக்கனவல்ல. மொத்தத்தில் பிறப்பெடை 26 கிராமே கூடிற்று. புள்ளியியல்படி இதனை உறுதியான பயன் என்றல் இயலாது. கருவுறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே தொடங்கியவர்களிடத்தில் மட்டும் 48 கிராம் கூடியது. மிக மெலிந்த பெண்களின் குழந்தைகளுக்குப் பயன் இல்லை. ஓரளவு உடற்கட்டு உள்ளவர்களுக்கே பயன் மிகுந்தது. ஆனால் கருவுற்ற காலத்தில் வரும் நீரிழிவு, நூற்றுக்கு 12.4 பேரிலிருந்து 7.3 பேராகக் குறைந்தது.

இவ்வெண்களுக்கும் உயிரணுவின் அறிதலுக்கும் உள்ள தொடர்பு இன்னும் முழுதும் நிறுவப்படவில்லை. ஆயினும் இரு செய்திகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நச்சுக்கொடி உருவாவது கருவுற்ற முதல் வாரங்களில். தான் கருவுற்றதையே பல பெண்கள் அறியாத காலம் அது. ஐந்தாம் மாதத்தில் மருத்துவமனைக்கு வந்து பதிவு செய்துகொள்ளும் பெண்ணுக்கு அப்பருவம் கடந்துவிட்டது. இரண்டாவது, மிக மெலிந்தவளின் உடல், கிடைத்த சிறிதளவு சத்தையும் முதலில் தன் பழைய கடனுக்கு வரவு வைத்துக்கொள்ளக்கூடும். ஒரு சிற்றுண்டியால் பல்லாண்டுப் பசியை ஈடு செய்துவிட முடியாது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. புனே நகரில் கருவுற்ற பெண்களையும் அவர்கள் மக்களையும் தொடர்ந்து ஆராய்ந்த யாஜ்னிக் என்னும் மருத்துவரின் குழுவினர் 2008இல் வெளியிட்ட செய்தி இது: தாயின் இரத்தத்தில் ஃபோலிக் அமிலம் மிகுந்தும் வைட்டமின் பி-12 குறைந்தும் இருந்தால், ஆறு வயதில் குழந்தையின் உடல் இன்சுலினுக்கு எளிதில் பணிவதில்லை. இவ்விரு சத்துக்களும் ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்த இருக்கைகளில் பணிபுரிபவை. ஒன்று மிகுந்தால் மற்றதன் குறைவு தீராது. பி-12 தாவர உணவில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. மரக்கறி உணவே உண்டு, பாலும் போதிய அளவு வாங்க இயலாத குடும்பங்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

தாராவியில் நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் பலர் வாழ்கின்றனர். அங்குக் கருவுற்ற ஒரு பெண்ணுக்கு அரசு சுகாதார நிலையத்தில் வழங்கப்படும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கருவுறுவதற்கு முன்பும் முதல் மூன்று மாதங்களிலும் ஃபோலிக் அமிலத்தைத் தனியே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவில் கொள்ளுமாறு மருத்துவர் கூறுவர். உணவின் வழியே பெற விரும்புவோருக்கு மாட்டுங்காச் சந்தையில் முருங்கைக் கீரையும் தண்டுக் கீரையும் கிடைக்கின்றன. தட்டைப் பயறும் கொண்டைக் கடலையும் எங்கும் உள்ளன. ஃபோலிக் அமிலம் நீரில் கரையும். நெடுநேரம் கொதிக்க வைத்தால் அழியும். எனவே கீரையை அரிவதற்கு முன்னரே கழுவிக்கொண்டு, சிறிது நீரில் மூடி வைத்து விரைவாக வேக வைத்து, அந்நீரைக் கொட்டிவிடாமல் குழம்பிலோ இரசத்திலோ சேர்த்துக்கொள்ளுதல் நலம்.